தரைக்கு நெருக்கமாக

ஒரு கார் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கவேண்டும் என்பதில் அரசுக்கு என்ன அக்கறை இருக்கமுடியும்? விளக்கு எரிகிறதா, பிரேக் பிடிக்கிறதா, புகை கக்குகிறதா என்று கேட்பது புரிகிறது. கலிஃபோர்னிய வாகனச் சட்டத்திலோ 24008 என்று எண்ணிட்ட ஒரு பிரிவு இருந்தது. 1958-இல் நடைமுறைக்கு வந்த விதி அது. மாற்றியமைக்கப்பட்ட ஒரு காரின் எந்தப் பாகமும், டயரைத் தாங்கும் இரும்பு வளையத்தின் அடிவிளிம்புக்குக் கீழே இறங்கக்கூடாது என்பது அதன் சாரம். டயர் வெடித்தால் அடிப்பாகம் சாலையில் உரசக்கூடாது என்று அதற்கு ஒரு பாதுகாப்புக் காரணம் சொல்லலாம். அதில் நியாயமும் உண்டு. ஆனால் அந்த விதியை கையில் வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தவர்கள் பெரும்பாலும் யாருடைய கார்களைப் பார்த்தார்கள் என்பதுதான் அதன் உண்மையான வரலாறு. 2023 அக்டோபரில் கையெழுத்தான ஏபி 436 என்னும் சட்டம் அந்தத் தடையை நீக்கியது. 2024 ஜனவரி 1 முதல் கலிஃபோர்னியாவில் ஒருவர் தன் காரைத் தாழ்த்திக்கொள்ளலாம்.

இந்தச் செய்தியை நான் நாளிதழில் படிக்கவில்லை. சான் ஹோசேயின் கிழக்குப் பகுதியில், எங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவிலுள்ள எலுமிச்சை மரத்தடியில் நின்றபடி, எழுபதைத் தாண்டிய ஒரு மெக்சிக்க அமெரிக்கர் எனக்குச் சொன்னார். என்னை அவர் ‘வெசீனோ’ என்றுதான் அழைப்பார். ஸ்பானிய மொழியில் அண்டைவீட்டுக்காரர் என்று பொருள். பதினான்கு ஆண்டுகளாகப் பக்கத்துப் பக்கத்து வீடு. இதுவரை என் பெயரை அவர் உச்சரித்ததில்லை. அந்தச் சொல்லே போதுமானதாக இருந்துவந்திருக்கிறது. “சட்டம் போய்விட்டது, வெசீனோ. ஆனால் என் முழங்கால்களும் போய்விட்டன. உங்களுக்கு அடுத்த சனிக்கிழமை வேலை இருக்கிறதா?” என்று கேட்டார்.

அவருடைய கராஜில் பழைய போர்வை போர்த்தப்பட்ட ஒரு கார் இருப்பது எனக்குத் தெரியும். 1964-ஆம் ஆண்டின் ஷெவர்லே இம்பாலா. லோரைடர் என்ற சொல்லைக் கேள்விப்பட்டவர்கள் மனத்தில் முதலில் எழும் கார் அதுதான். நீளமானது, தட்டையானது, பின்புறம் பக்கத்துக்கு மூன்றாக ஆறு விளக்குகள். நான்கு சக்கரங்களுக்கும் சுருள்வில், அதாவது காயில் ஸ்பிரிங். அடிச்சட்டம் எக்ஸ் வடிவில் நடுவில் குறுகி வருவது. 1973-இல் பழச்சாலை ஒன்றில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் பழைய காராக வாங்கியிருக்கிறார். இன்று சிலிக்கான் பள்ளத்தாக்கு என்று உலகம் அழைக்கும் இந்நிலம் அன்று ஆப்ரிகாட்டும் பிளம்மும் விளைந்த தோட்டங்களாக இருந்தது. அந்தப் பழங்களைப் பறித்தவர்களிலும் டப்பாக்களில் அடைத்தவர்களிலும் பலர் இந்தக் கிழக்குப் பகுதியில் குடியிருந்தார்கள். அதில் ஒரு குடியிருப்புக்கு ‘சால் சி புவேதேஸ்’ என்று பெயர். ‘முடிந்தால் வெளியேறு’ என்று பொருள். மழை பெய்தால் தெருக்கள் சேறாகி வண்டிகள் புதைந்துவிடும் என்பதால் வந்த பெயர் என்பார்கள். வறுமையிலிருந்து வெளியேறுவதைச் சொல்லும் பெயர் என்றும் சொல்வார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றும். சேற்றில் புதைந்த தெருக்களிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள், வழவழப்பான சாலையில் மட்டுமே ஓடக்கூடிய தாழ்ந்த கார்களைச் செய்துகொண்டார்கள் என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் கலிஃபோர்னியாவின் வெள்ளை இளைஞர்களிடையே ‘ஹாட் ராட்’ என்னும் மோகம் பரவியிருந்தது. பழைய காரை வாங்கி, இயந்திரத்தின் ஆற்றலைக் கூட்டி, தேவையற்ற பாகங்களைக் கழற்றி எறிந்து, வேகமாக ஓட்டுவது. மெக்சிக்க அமெரிக்க இளைஞர்களும் பழைய கார்களைத்தான் வாங்கினார்கள். ஆனால் எதிர்த்திசையில் போனார்கள். பின்பெட்டியில் மணல் மூட்டைகளை ஏற்றினார்கள், சுருள்வில்லை வெட்டினார்கள், காரைத் தரையோடு தரையாக இறக்கினார்கள். பிறகு அதை மிக மெதுவாக ஓட்டினார்கள். ‘தாழ்வாக, மெதுவாக’ என்பது இன்றும் அவர்களுடைய வாய்ச்சொல். சட்டம் குறுக்கே வந்தபோது அதற்கும் வழி கண்டார்கள். ரான் அகிர்ரே என்பவர் 1950களின் இறுதியில் தன் 1957 கொர்வெட்டில் விமானங்களின் ஹைட்ராலிக் பாகங்களைப் பொருத்தினார். விசையைத் தட்டினால் கார் இறங்கும். காவலரைக் கண்டால் சட்டம் கேட்கும் உயரத்துக்கு ஏறும். இன்று இசைக் காணொளிகளில் குதிக்கும் கார்களைப் பார்க்கிறோமே, அந்தத் துள்ளலின் தொடக்கம் அபராதச் சீட்டிலிருந்து தப்பிக்கும் உபாயம்தான்.

என் அண்டைவீட்டுக்காரரிடம் ஹைட்ராலிக்கிற்குப் பணம் இருக்கவில்லை. 1975-இல் அவரும் அவருடைய அண்ணனும் சேர்ந்து முன்பக்கத்துச் சுருள்விற்களைக் கழற்றி, ஆளுக்கொன்றாக வெட்டியிருக்கிறார்கள். எட்டு ஆண்டுகள் அந்த உயரத்திலேயே ஓட்டினார். பள்ளத்தாக்கின் தெற்கே வேறோர் ஊரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஒரு காவலர் நிறுத்தினாராம். உள்ளே ஏழு மாதக் கர்ப்பிணியான மனைவி. காவலர் தரையில் மண்டியிட்டு அளந்து பார்த்துவிட்டு, வண்டியைத் திருப்பி ஓட்டிச்செல்ல அனுமதியில்லை என்று சொல்லிவிட்டார். இழுவை வண்டி வரும்வரை இரண்டு மணிநேரம் அந்த அம்மாள் நடைமேடை விளிம்பில் உட்கார்ந்திருந்தார். “அவர் தவறாகப் பேசவில்லை. ஐயா என்றுதான் அழைத்தார். அளவுகோலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான்” என்று சொன்னார். இதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபம் இருக்கவில்லை. 1983-இல் அவர் தொழிற்சாலை உயரத்துக்கான புதிய விற்களை வாங்கிப் பொருத்திக் காரை மேலே தூக்கிவிட்டார். வெட்டிய பழைய விற்களை எண்ணெய்த் துணியில் சுற்றிக் கராஜின் பரணில் வைத்தார். அவற்றைத்தான் இப்போது திரும்பப் பொருத்தவேண்டும்.

நாங்கள் மூன்று பேர். அவர் நாற்காலியில், நானும் அவருடைய பேத்தியும் தரையில். பேத்தி செவிலியர் படிப்பின் இறுதி ஆண்டில் இருக்கிறாள். அவளை அவர் ‘மிஹா’ என்று அழைப்பார். ‘என் மகளே’ என்பதன் சுருக்கம். இணையத்தில் புதிய தாழ்வு விற்கள் கிடைக்கின்றன, ஒரே அளவாக இருக்கும், இரண்டு நாளில் வீட்டுக்கு வந்துவிடும் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அவர் பரணைக் கைகாட்டினார்.

வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, அடிச்சட்டத்தின் கீழ் இரும்புத் தாங்கிகளை நிறுத்தினோம். ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் காருக்கடியில் போகக்கூடாது என்பது அவருடைய முதல் கட்டளை. தூக்குவதற்கு முன்பே, சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்புவரை உயரத்தை அளந்து கராஜ் சுவரில் சாக்கட்டியால் எழுதச் சொன்னார். சக்கரம் கழன்றதும் இரண்டு இரும்புக் கைகள் தெரிந்தன. மேல்கை ஒன்று, கீழ்கை ஒன்று. இரண்டுக்கும் வெளிமுனையில் பால் ஜாயிண்ட். கீழ்கைக்கும் அடிச்சட்டத்துக்கும் நடுவில் அமுங்கி உட்கார்ந்திருக்கிறது சுருள்வில். அதன் வயிற்றுக்குள்ளேயே ஷாக் அப்சார்பர். அதை முதலில் உருவி எடுத்தோம். பிறகு ஒரு சங்கிலியை வில்லின் வழியாகக் கோத்துக் கீழ்கையோடு தளர்வாகப் பூட்டச் சொன்னார். அமுக்கப்பட்ட சுருள்வில் ஒரு மனிதனைக் கொல்லப் போதுமான விசையை வைத்திருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. அசையாமல், சாதுவாக இருக்கும்.

கீழ்கையின் அடியில் ஜாக்கியை வைத்துத் தாங்கிக்கொண்டு, பால் ஜாயிண்டின் நட்டைச் சில சுற்றுகள் மட்டும் தளர்த்தவேண்டும், முழுதாகக் கழற்றிவிடக்கூடாது. பிறகு அந்தக் கூம்பு பொருந்தியிருக்கும் இரும்பின் பக்கவாட்டில் சுத்தியலால் அடிக்கவேண்டும். நாற்பது ஆண்டு இறுக்கம். பேத்தி ஒன்பது முறை அடித்தாள். பத்தாவது அடியில் ‘டக்’ என்று ஒரு சத்தம். “போதும், விட்டுவிட்டது” என்றார் நாற்காலியிலிருந்து. பிறகு நட்டைக் கழற்றி, ஜாக்கியை மயிரிழை மயிரிழையாக இறக்கினோம். வில் நீண்டது. மூச்சுவிடுவதுபோல் என்று எழுதக் கை வருகிறது. ஆனால் மூச்சுவிட மறந்திருந்தவர்கள் நாங்கள் மூவரும்தான்.

துணியைப் பிரித்துப் பழைய விற்களை எடுத்தேன். பொறியியல் படித்தவன் என்ற முறையில் எனக்கு ஐயங்கள் இருந்தன. கம்பிப் புரிசையால் துருவைத் தேய்த்து, விரிசல் இருக்கிறதா என்று விளக்கைப் பிடித்து ஒவ்வொரு சுற்றாகப் பார்த்தோம். இல்லை. நல்ல வேளையாக அவர்கள் அன்று நெருப்பு வைக்கவில்லை. அக்காலத்தில் பலர் எரிவாயுத் தீச்சுடரால் வில்லைச் சூடேற்றி அமுங்கச் செய்வார்கள். சுலபமான வழி. ஆனால் எஃகுக்கு வில்லின் தன்மையைக் கொடுத்த பதம் அந்தச் சூட்டில் போய்விடும். பிறகு அது நாளுக்கு நாள் தொய்ந்துகொண்டே இருக்கும். வாளால் அறுத்தால் அப்படி ஆவதில்லை. வேறொன்று நிகழ்கிறது: சுற்றுகள் குறையக் குறைய வில் கடினமாகிறது. ஒரே கம்பி, ஒரே விட்டம். சுற்றுகளின் எண்ணிக்கை குறைந்தால் அதே எடைக்கு அது குறைவாகவே அமுங்கும். அதனால்தான் வெட்டி எடுத்த நீளத்தை மட்டும் வைத்துக் கார் எவ்வளவு இறங்கும் என்று கணக்குப் போடமுடியாது. மேலும் வில் உட்கார்ந்திருப்பது கீழ்கையின் நடுப்பகுதியில், சக்கரம் இருப்பதோ முனையில். வில்லில் கால் அங்குலம் என்றால் சக்கரத்தில் ஏறக்குறைய அரை அங்குலம். இந்தக் கணக்குகள் எதையும் அறியாமல், இருபத்து மூன்று வயதில், அண்ணனும் தம்பியும் அரைச் சுற்று வெட்டிப் பொருத்திப் பார்த்து, போதாமல் மறுபடி கழற்றி, மறுபடி வெட்டி, இரண்டு நாட்களில் அந்த உயரத்தைக் கண்டடைந்திருக்கிறார்கள்.

விற்களைக் கையில் ஏந்தியிருந்தபோது எனக்கு நம்முடைய சொல்லொன்று நினைவுக்கு வந்தது. வில் வண்டி. அடியில் பட்டைவில் வைத்த மாட்டுவண்டியை அப்படித்தான் சொல்வோம். மேடுபள்ளத்தின் அதிர்ச்சி உடம்பில் ஏறாத வண்டி, ஆகவே வசதியானவர்களின் வண்டி. மலையாளத்தில் வில்லுவண்டி. 1893-இல் திருவிதாங்கூரின் வெங்ஙானூரில் அய்யன்காளி அப்படியொரு வண்டியை வாங்கி, தலைப்பாகை கட்டிக்கொண்டு, மாடுகளின் கழுத்துமணி ஒலிக்கப் பொதுச்சாலையில் ஓட்டிச்சென்றார். அவர் பிறந்த புலையர் சமூகத்தினர் அந்தச் சாலையில் நடப்பதற்கே தடை இருந்த காலம். அவர் எங்காவது அவசரமாகப் போய்ச்சேருவதற்காக அந்த வண்டியை வாங்கவில்லை. மணி கட்டிய வண்டி ஒளிந்து செல்வதற்கானதல்ல. இரண்டு வரலாறுகளின் கொடுமையும் ஒன்றல்ல. ஒப்பிட்டுச் சமன்செய்ய நான் முயலவில்லை. சாலை என்பது போக்குவரத்துக்கான இடம் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அதற்கு முன்பே அது யார் தென்படலாம், எந்தத் தோரணையில் தென்படலாம் என்று தீர்மானிக்கப்படும் இடமாக இருந்திருக்கிறது. வாகனத்தின் அடியிலுள்ள ஒரு வில் இருமுறை அந்தத் தீர்மானத்துக்குள் வந்துவிட்டது.

சான் ஹோசேயில் அந்தத் தென்படல் நிகழ்ந்த இடம் கிங் சாலையும் ஸ்டோரி சாலையும் சந்திக்கும் முனை. 1970களில் வார இறுதி இரவுகளில் அங்கே கார்கள் வரிசையாக ஊர்ந்தன. சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் 1977-இல் ‘லோரைடர்’ என்னும் இதழைத் தொடங்கியதும் இந்த ஊரில்தான். கடைகள் வாங்கி விற்க முன்வராத காலத்தில் கார்கள் கூடும் இடங்களுக்கு எடுத்துச்சென்று விற்றிருக்கிறார்கள். சிற்றிதழ் நடத்தியவர்களுக்கு இந்த அனுபவம் புதிதாக இருக்காது. அது பிறகு பெரிய நிறுவனங்களின் கைக்கு மாறி, 2019-இல் அச்சில் வருவது நின்றுபோனது. 1980களில் பல நகரங்கள் ‘ஊர்ந்துசெல்லத் தடை’ என்று பலகை வைத்தன. குறிப்பிட்ட நேரத்துக்குள் ஒரே இடத்தை மீண்டும் மீண்டும் கடந்தால் குற்றம். நெரிசலும் சில இரவுகளில் சண்டையும் இருந்தது மெய். ஆனால் தண்டிக்கப்பட்ட செயல் சண்டையல்ல. வேலை எதுவுமில்லாமல் ஒரே தெருவில் இரண்டாம் முறை வருவது. சான் ஹோசே 2022-இல் தன் தடையை நீக்கிக்கொண்டது. ஏபி 436 மாநிலம் முழுவதும் அதை முடித்துவைத்தது.

சட்டங்கள் தாமதமாக வந்து சேரும்போது அருங்காட்சியகங்கள் முந்திக்கொள்கின்றன. நியூ மெக்சிகோவின் சிமாயோ என்ற சிற்றூரில் டேவிட் ஹாரமீயோ என்பவர் ஒரு 1969 ஃபோர்ட் எல்டிடியை லோரைடராக மாற்றிக்கொண்டிருந்தார். 1978-இல் ஒரு விபத்தில் அவர் இறந்தார். குடும்பத்தினர் அந்தக் காரைச் செய்து முடித்தார்கள். ‘டேவின் கனவு’ என்ற பெயரோடு 1990-இல் ஸ்மித்சோனியன் நிறுவனம் அதை வாங்கியது. ஹெஸ்ஸே வலாதேஸ் ரோஜாக்கள் வரைவித்த ‘ஜிப்சி ரோஸ்’ என்னும் 1964 இம்பாலா 2017-இல் அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் ஏறியது. அப்போதும் கலிஃபோர்னியாவில் 24008 உயிரோடுதான் இருந்தது. ஒரு பொருளைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துப் போற்றுவதற்கும் தெருவில் ஓட அனுமதிப்பதற்கும் இடையே இவ்வளவு தூரம் இருக்கிறது.

மாலைக்குள் இரண்டு பக்கமும் முடிந்தது. தாங்கிகளை எடுத்துவிட்டுக் காரைத் தரையில் இறக்கினோம். கைகளின் உள்முனைப் போல்ட்களைக் காரின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகே இறுக்கவேண்டும். தூக்கிய நிலையில் இறுக்கினால் உள்ளிருக்கும் ரப்பர் புஷ் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டு கிழிந்துவிடும். தாழ்த்தியதால் முன்சக்கரங்களின் தலை உள்நோக்கிச் சாய்ந்திருந்தது கண்ணுக்கே தெரிந்தது. அலைன்மெண்ட் பார்க்காவிட்டால் டயரின் உட்பக்கம் சில மாதங்களில் தேய்ந்துவிடும். வேகத்தடையைக் குறுக்காகத்தான் ஏறவேண்டும். குழி தென்பட்டால் ஏறக்குறைய நின்றுவிட வேண்டும். ஒரு பொறியாளனாகப் பட்டியலிட்டால் இழப்புகள் மட்டுமே இருக்கின்றன. சொகுசு போனது, வேகம் போனது, பாதிச் சாலைகள் போயின. இதை அவரிடம் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. “உயரமான காரில் போனால் நீங்கள் சாலையைப் பார்க்கலாம். இதில் போனால் சாலை உங்களைப் பார்க்கும். எங்களை யாரும் பார்த்ததில்லை, வெசீனோ. டப்பாவைப் பார்த்திருப்பார்கள், பழத்தைப் பார்த்திருப்பார்கள்” என்றார்.

மறுநாள் காலை பேத்தி சாக்கட்டிக் கணக்கோடு அளவு நாடாவை எடுத்துவந்தாள். இடப்பக்கம் மூன்றரை அங்குலம் இறங்கியிருந்தது. வலப்பக்கம் நான்கு. இரண்டு முறை அளந்தும் அரை அங்குல வித்தியாசம் மாறவில்லை. நேற்றே விற்களைத் தரையில் நிறுத்திப் பார்த்தபோது ஒன்று கால் அங்குலம் குட்டையாக இருந்ததை நான் கவனித்திருந்தேன், அவரிடமும் சொல்லியிருந்தேன். இதற்கென்றே ரப்பர் வளையங்கள் விற்கிறார்கள், வில்லின் தலையில் ஒன்றை வைத்தால் சமமாகிவிடும், மதியத்துக்குள் முடித்துவிடலாம் என்றாள் அவள்.

“வலப்பக்கம் என் அண்ணன் வெட்டியது. அவனுக்கு எப்போதும் கொஞ்சம் அதிகமாக வேண்டும்” என்றார் அவர். அண்ணன் இறந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன என்பது எனக்குத் தெரியும். அந்தச் சவ ஊர்வலத்தில் நானும் இருந்தேன். பேத்தி அளவு நாடாவைச் சுருட்டினாள். அலைன்மெண்ட் கடைக்காரனிடம் என்ன சொல்வது என்று மட்டும் கேட்டாள்.

“ஐந்நூறு மைல் ஓடட்டும். வில் தானாகக் கொஞ்சம் உட்காரும். பிறகு பார்க்கலாம், மிஹா” என்று சொல்லிச் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டு, தடியை ஊன்றிக் காரைச் சுற்றிப்போய், வலப்பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். கடை திறக்க இன்னும் ஒரு மணிநேரம் இருந்தது. கிங் சாலை வழியாகப் போகலாம் என்றார்.